கண்ணுக்குள் வாயுவா, சிலிக்கான் எண்ணெயா?

விழித்திரை விலகலுக்கு (கண்ணின் பின்புறப் படலம் இடம்விட்டுப் பிரிவது) அறுவை சிகிச்சை முடிந்து, பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டில் அப்பா நெற்றியைத் தலையணையில் ஊன்றிக் குப்புறப் படுத்திருந்தார். விழித்திரையை அழுத்திப் பிடிக்க அவர் கண்ணில் வாயுக் குமிழி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வைத்தது சிலிக்கான் எண்ணெய்.

வாயு தானே கரைந்துவிடும். வகையைப் பொறுத்து 2 முதல் 8 வாரம். குமிழி சுருங்கச் சுருங்க, பாட்டிலில் தண்ணீர் ஆடுவதுபோல் ஒரு கோடு அசைகிறது என்பார் அப்பா. அது கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறையக் குறையக் குமிழி விரியும், கண் அழுத்தம் ஏறும், இரத்த ஓட்டம் தடைபட்டுப் பார்வையே போய்விடலாம். சென்னைக் கல்யாணத்துக்கு எடுத்த டிக்கெட்டை அன்றே ரத்து செய்தேன். அருகிலிருக்கும் கொடிமலைக்குக்கூட மருத்துவரைக் கேட்காமல் அழைத்துப் போகவில்லை. நைட்ரஸ் ஆக்சைடு மயக்க வாயுவும் இதே ஆபத்துதான். கண்ணில் வாயு இருப்பதைப் பல் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

எண்ணெயோடு விமானத்தில் போகலாம். ஆனால் அதை எடுக்கப் பெரும்பாலும் சில மாதங்களில் இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டும். நெடுநாள் விட்டால் நுண்துளிகளாகச் சிதறும், கண் அழுத்த நோய் வரலாம். கண்புரை இரண்டிலும் வரக்கூடும்.

சிக்கலான விலகலுக்கு எண்ணெய்தான் என்று மருத்துவர் சொன்னால் தயங்காதீர்கள். பயணத்தைத் தள்ளிப்போட முடிந்து, சொன்னபடி படுக்கவும் முடிகிறவருக்கு நான் வாயுவையே கேட்பேன்.