கூட்டத்தொடருக்கு முன் மனு எழுத ஒரு கடை: கம்பத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கம்பம் பேருந்து நிலையத்துக்கு அருகில் சந்து ஒன்றில் இயங்கும் அந்தக் கடை, வெளிப்பார்வைக்கு ஒரு சாதாரண டிடிபி, ஜெராக்ஸ் கடைதான். சட்டமன்றக் கூட்டத்தொடருக்கான தேதி அறிவிக்கப்பட்டதும், தொகுதி உறுப்பினரிடம் கொடுப்பதற்கான மனுக்களைத் தயாரிக்கப் பாசன விவசாயிகளும் திராட்சைத் தோட்டக்காரர்களும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்பும் தொழிலாளர்களும் அங்கே வந்து காத்திருக்கின்றனர். எங்கள் தெருவின் கோரிக்கைகளுக்காக நானும் சென்றேன்.

கடைக்காரர் கணினியைத் தொடும் முன்பே ஒரு கேள்வி கேட்கிறார்: "அண்ணே, இது நிதியில முடியுற வேலையா, சபையில கேட்க வேண்டிய வேலையா?" இந்தக் கடையின் சிறப்பு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எங்களிடம் இருந்தவை மூன்று கோரிக்கைகள்: தெருவுக்குச் சிறுபாலம், கேரள எல்லையில் மலைமேல் உள்ள கம்பம்மெட்டுக்கு அதிகாலைப் பேருந்து, எங்கள் பகுதிப் பாசனக் கால்வாயான பதினெட்டாம் கால்வாயில் உரிய காலத்தில் தண்ணீர் திறப்பு. மூன்றையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். சிறுபாலம், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் முடியக்கூடியது. அதற்குச் சபை கூட வேண்டியதில்லை. பேருந்து, போக்குவரத்துத் துறையின் மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்பது) விவாதத்தில் பேச வேண்டியது. கால்வாய் நீர், அமைச்சரிடமிருந்து நேரடிப் பதில் பெற வேண்டிய கேள்வி என்பதால் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கப்பட வேண்டும். ஆகவே அந்த மனு முதலில் போய்ச் சேர வேண்டும் என்றார்.

ஆண்டின் முதல் கூட்டத்தொடர் ஆளுநர் உரையுடன் தொடங்கும். அந்த உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீதான விவாதத்தில் கட்சிக்கு ஒதுக்கப்படும் நேரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வதால், ஓர் உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. நாற்பது கோரிக்கைகளைச் சுமந்து செல்லும் உறுப்பினர் அந்த நேரத்தில் அவற்றின் தலைப்புகளை வாசித்து அமர்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? எதை முதலில் எழுப்புவது என்பதை உறுப்பினரே தீர்மானிக்கிறார் என்றாலும், துறை, இடம், முந்தைய கடிதத்தின் நாள், கேட்கப்படும் உத்தரவு ஆகியவை ஒரே பக்கத்தில் தெளிவாக இருக்கும் மனுவே அவருடைய உதவியாளரின் கோப்பில் மேலே நிற்கும். ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறும் பெண் தொழிலாளர்களின் அவலத்தை நாங்கள் இரண்டு பக்கம் எழுதிச் சென்றிருந்தோம். கடைக்காரர் அதை, எத்தனை மணிக்கு, எந்த நிறுத்தத்திலிருந்து பேருந்து வேண்டும் என்ற ஐந்து வரிகளாக்கினார். அவலம் குறையவில்லை, ஆனால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டிய வடிவம் அதற்குக் கிடைத்தது.

பேரவையின் மனுக்கள் குழுவுக்கு அனுப்பும் முறையையும் அவர் நன்கு அறிந்திருக்கிறார். ஒரு மனுவில் ஒரே துறையைச் சார்ந்த ஒரே பிரச்சினை, ஐந்து நகல்கள், தேதியிட்ட கையொப்பம். நீதிமன்றத்தில் உள்ள பொருளோ, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு போன்ற தனிநபர் வேண்டுதல்களோ இடம்பெறக் கூடாது. அப்படி வருபவர்களைக் கட்டணம் வாங்காமலேயே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வழிகாட்டி அனுப்பியதை நேரில் கண்டேன்.

குறைகளும் உண்டு. எந்தப் பாசன மனுவாக இருந்தாலும் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையை முதல் பத்தியில் வைத்துவிடுகிறார். 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி அந்த அணையை நம்பியிருக்கும் பள்ளத்தாக்கில் இந்தப் பழக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த அனுமதித்தது 2014-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அணையோ கேரளத்தில் இருக்கிறது. 2011-இல் நம் பேரவை இந்த அணைக்காகச் சிறப்புக் கூட்டம் கூட்டி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது போன்ற தருணங்கள் வேறு; மதகு பழுதுபார்ப்பைக் கேட்கும் மனுவில் இதை முன்னால் வைத்தால், படிப்பவர் மதகு வரை வரமாட்டார். வற்புறுத்திச் சொன்ன பிறகே அந்தப் பத்தியை நீக்கினார்.

இன்னொரு குறை, கேரளத்தின் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து வரும் தமிழர்களைப் பற்றியது. திருவனந்தபுரத்துக்குப் போகும் மனு என்றாலே மலையாளத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, மொழிபெயர்ப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அந்த வாடிக்கையாளர்கள் இதைத் தெரிந்துகொண்டு செல்வது நல்லது.

பக்கத்துக்கு 50 ரூபாய் என்ற கட்டணம் இந்த ஊருக்குச் சற்று அதிகம்தான். நகலுக்குத் தனிக் காசு. "பெருமதிப்பிற்குரிய", "மாண்புமிகு" என்று தொடங்கும் அடைமொழிகளை மூன்று வரிக்கு மேல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையெனில் அவை அரைப் பக்கத்தை விழுங்கிவிடும். கூட்டத்தொடர் தொடங்கும் வாரத்தில் செல்வதைத் தவிர்க்கவும். அப்போது கூட்டமும் அதிகம், கேள்விக்கு அறிவிப்புக் கொடுக்கும் காலமும் கடந்திருக்கும். காலை வேளையில், பழைய மனுக்களின் நகல்களோடும் அவற்றுக்கு வந்த பதில்களோடும் சென்றால், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.