பிளாங்க்கா, அட்டகாமாவா?

பெருவெடிப்பின் மிச்சமாக வானெங்கும் பரவியிருக்கும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சை ஆராயத் தொடங்கும் மாணவர்கள் எந்தத் தரவை எடுப்பது என்று தயங்குகிறார்கள். அதன் சராசரி வெப்பநிலை 2.725 கெல்வின், வானில் இடத்துக்கு இடம் தேடும் வேறுபாடோ அதில் லட்சத்தில் ஒரு பங்கு.

பரப்பு: பிளாங்க் விண்கலம் முழு வானத்தையும் அளந்தது. சிலியிலுள்ள அட்டகாமா தொலைநோக்கி ஒரு பகுதியை மட்டுமே.

கூர்மை: பிளாங்க்கின் ஆடி 1.5 மீட்டர், அட்டகாமாவுடையது 6 மீட்டர். நுண்விவரத்தில் போட்டியே இல்லை.

இடையூறு: 5,190 மீட்டர் உயரப் பாலையிலும் காற்றின் நீராவி விடுவதில்லை, பெரிய கோணங்களில், அதாவது வானின் அகன்ற பரப்புகளில், அளவீடு தடுமாறும். பிளாங்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை. 9 அலைவரிசைகளில் அளந்ததால் பால்வீதித் தூசியையும் பிரித்தெடுக்கலாம்.

பராமரிப்பு: 2022இல் பணி முடியும்வரை அட்டகாமாவில் மலையேறிப் பழுது பார்க்க முடிந்தது. பிளாங்க்கின் குளிர்விப்பு ஹீலியம் 2012இல் தீர்ந்தது. 15 லட்சம் கிலோமீட்டர் போய் யார் நிரப்புவது?

அண்டத்தின் வயதைக் கணக்கிட பிளாங்க். விண்மீன் பேரடைக் கொத்துகளைத் தேட அட்டகாமா. முதல்முறை என்றால் பிளாங்க்கிலேயே கைபழகுங்கள்.