வீடு வார்க்கும் தொழிற்சாலைக்கு அரசின் கை: மானியம் நல்லதா, நிபந்தனை நல்லதா?

தூண், உத்திரம், சுவர், சில சமயம் முழு அறை என்று வீட்டைத் தொழிற்சாலையில் செய்து, சைட்டில் கோத்து நிறுத்தும் முறைக்கு அரசுகள் இரண்டு விதமாகத் துணை நிற்கின்றன. இந்தியா பணம் கொடுத்தது. சிங்கப்பூர் நிலத்தை விற்கும்போதே நிபந்தனை போட்டது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 அன்று ஆறு நகரங்களில் புதிய கட்டுமான முறைகளைச் சோதிக்கும் மாதிரி வீட்டுத் திட்டங்களான ‘லைட் ஹவுஸ்’ திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னை பெரும்பாக்கத்தில், முன்பே வார்த்த பாகங்களைக் கோக்கும் பிரீகாஸ்ட் முறையில் 1,152 வீடுகள். ராஜ்கோட்டில் சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பில் முடிக்கும் டனல் ஃபார்ம் முறையில் 1,144 வீடுகள். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வழக்கமான 1.5 லட்சம் ரூபாய்க்கு மேல், புதிய தொழில்நுட்பத்துக்கென்றே வீட்டுக்கு 4 லட்சம் மானியம் தந்தார்கள். பெரும்பாக்கத்துக்கு மட்டும் இந்தக் கூடுதல் தொகை ஏறத்தாழ 46 கோடி. ஓராண்டில் முடிக்க நினைத்த அந்த வளாகம் 2022 மே 26 அன்று திறக்கப்பட்டது.

முதல் முயற்சியின் நட்ட பயத்தை அரசே சுமந்ததுதான் இந்த வழியின் பெரிய பலம். ஆனால் ஆறு ஊருக்கு ஆறு முறை என்று பிரித்ததால், பயிற்சிக்கூடமாக நன்றாக அமைந்த திட்டம் தொழிற்சாலைக்குத் தொடர் ஆர்டர் எதையும் தரவில்லை. பாகங்களைக் கான்கிரீட்டில் வார்க்கும் இரும்பு அச்சு நூற்றுக்கணக்கான முறை வார்த்தால்தான் போட்ட பணத்தைத் திருப்பும். அடுத்த டெண்டரில் தூண் 300×450 மி.மீ.யிலிருந்து 300×600 ஆனால் பழைய அச்சை வெட்டி ஒட்ட வேண்டும், இல்லையேல் பழைய இரும்புக்குப் போட வேண்டும். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இப்போதைய இரண்டாம் கட்டத்தில், பயனாளிக்குச் சொந்தமாகத் தரும் அடுக்குமாடி வீடுகளுக்கான தொழில்நுட்ப மானியம் சதுர மீட்டருக்கு 1,000 ரூபாய், 30 ச.மீ. வீட்டுக்கு 30,000. இதை நம்பி எவரும் வார்ப்புக்கூடம் போடமாட்டார்கள்.

சிங்கப்பூர் 2014 முதல், தனியாருக்கு விற்கும் சில அரசு நிலங்களில், கட்டடப் பரப்பில் குறைந்தது 65 விழுக்காட்டை அறைப்பெட்டிகளாகவே கட்ட வேண்டும் என்று விதித்தது. பூச்சு, தரை ஓடு, ஜன்னல், குழாய் எல்லாம் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே முடிந்து வரும் பெட்டிகள் அவை. இதனால் ஆகும் கூடுதல் செலவைக் கணக்கிட்டு, நிலத்துக்கான ஏலத்தில் நிறுவனங்கள் விலையைக் குறைத்துக் கேட்கலாம். மானியக் கோப்பு நகரத் தேவையில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் தேவையைக் குறைப்பதும் நோக்கம் என்பதால், தமிழ்நாட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்களையும் இது தொடுகிறது.

குறைகளும் உண்டு. கான்கிரீட் பெட்டி 20 டன்னைத் தாண்டும். அதற்கேற்ற பெரிய டவர் கிரேனும் லாரி நிற்க இடமும் வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளின் சுவர்கள் இரட்டிப்பதால் உள்பரப்பு குறைகிறது. வரைபடத்தை முன்கூட்டியே பூட்டிவிட வேண்டும்: ஒரு குழாய்த் துளையின் இடம் மாறினாலும் வார்த்து முடித்த பெட்டிகள் அத்தனையிலும் துளை போட வேண்டியிருக்கும்.

இரண்டில் எது என்றால், ஒரு முறையைச் சோதித்துப் பார்க்க மானியம், தொழிற்சாலை நிலைக்க நிபந்தனை. தமிழ்நாட்டுக்கு நிபந்தனையின் பக்கம் சாய்வதே சரி. அதுவும் அறைப்பெட்டி வரை போக வேண்டாம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இரண்டு மூன்று வீட்டு வரைபடங்களை மட்டும் நிலைப்படுத்தி, தூண், ஸ்லாப், படிக்கட்டு அளவுகளை ஐந்தாண்டுக்கு மாற்றாமல் எல்லா டெண்டரிலும் போட்டாலே அச்சுக்கு வேலை தொடரும்.

கூடவே பில் முறையையும் திருத்த வேண்டும். தளம் எழும்பிய பிறகே பணம் என்ற வழக்கமான ஒப்பந்தத்தில், அச்சுக்கும் வார்ப்புக்கும் ஒப்பந்ததாரர் முன்கூட்டியே கொட்டிய பணம் மாதக்கணக்கில் முடங்குகிறது. வார்ப்புக்கூடத்தில் அடுக்கியிருக்கும் பாகத்துக்கும் ஒரு பங்கு தரலாம். அதற்குப் பாகத்தில் வரிசை எண்ணும் வார்த்த தேதியும், கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் சோதனையின் முடிவும், காப்பீடும், வங்கி உத்தரவாதமும் இருக்க வேண்டும்.

சைட்டில் தனியாகக் கண்காணிக்க வேண்டியது பாகங்களைக் கோக்கும் இணைப்புகளை. கம்பி நேர் வராதபோது வளைத்துத் திணிப்பதும், இணைப்பில் ஊற்றும் சிமெண்ட் கலவையான கிரவுட் முழுக்க இறங்காமல் உள்ளே வெற்றிடம் விடுவதும்தான் பின்னாளில் வெடிப்பாகவும் கசிவாகவும் வெளிப்படுகின்றன. வெளியேறும் துளையில் கிரவுட் வழிந்ததைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அந்தத் தளத்துக்குப் பணம் என்று டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்.