எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு வரிக்கழிவு: பிரிக்பீல்ட்ஸ் வரி முகவர் ஒருவரின் சேவை

மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் என் பெயரில் பதிந்த ஒற்றை ஆள் தொழில். நாலு கேமராவில் எடுத்த ஃபோர்-கே காட்சிகளை ஒன்றாகப் போட்டால் பழைய மெஷின் திணறியது. அதனால் 2024 நவம்பரில் லோயாட் பிளாசாவில் ஒரு கடையில் 12,600 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதிதாக செட் பண்ணி வாங்கினேன். என் தொழிலில் இது பெரிய பணம். இதை வருமான வரியில் எப்படிக் காட்டுவது என்று கேட்கத்தான் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு வரி முகவரிடம் முதல்முறை போனேன். இப்போது இரண்டு வருஷக் கணக்கு அவர் கையால் முடிந்துவிட்டது.

பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். துன் சம்பந்தன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் சின்ன அலுவலகம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

இவருக்கு முன்னால் வேறொருவரிடம் கணக்குக் கொடுத்து வந்தேன். கட்டணம் குறைவு, கேள்வியே கேட்க மாட்டார். முந்தைய கம்ப்யூட்டரின் முழு விலையையும் அந்த வருஷத்துச் செலவு என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். பிறகு வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்னிலிருந்து கடிதம் வந்தது. கூடுதல் வரியும் அபராதமும் கட்டியது நான். பல நாள் தூக்கம் போனது.

அக்கா முதலில் விளக்கியதே இதைத்தான். "தம்பி, இன்டர்நெட் பில், கரண்டு பில் செலவு. கம்ப்யூட்டர் சொத்து. சொத்தை வாங்கிய விலையைச் செலவில் எழுத முடியாது. அதற்குக் கேப்பிட்டல் அலவன்ஸ் என்று தனி வழி இருக்கிறது." 2024 வரி ஆண்டிலிருந்து கம்ப்யூட்டர், சாப்ட்வேர் போன்றவற்றுக்கு முதல் வருஷம் 40 விழுக்காடு தொடக்கக் கழிவு, அதோடு வருஷத்துக்கு 20 விழுக்காடு. ஆக, மூன்று வருஷத்தில் முழு விலையும் கழிந்துவிடும். ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு என் மெஷினுக்குக் கணக்கு எழுதிக் காட்டினார்: முதல் வருஷம் 7,560, அடுத்த இரண்டு வருஷமும் 2,520, 2,520. வருமானம் குறைந்து ஒரு வருஷத்தில் முழுதாகக் கழிக்க முடியாமல் போனாலும், மிச்சம் அதே தொழிலின் அடுத்த வருஷக் கணக்குக்குப் போகும் என்றார். அந்தத் தாளை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ரசீதைக் கேட்டார். கொடுத்தேன். வழவழப்பான சின்னத் தாள், அதில் 'பிசி செட் 1' என்று மட்டும் இருந்தது. என் பெயர் இல்லை, தொழில் பெயர் இல்லை. அந்த இரண்டு சொல்லைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டிய தாள் இது. ஆறு மாதத்தில் எழுத்து மறைந்துவிடும்." மறுநாளே லோயாட்டுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு என் தொழில் பெயரில், பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சீரியல் நம்பரோடு ஏ4 தாளில் இன்வாய்ஸ் அடித்துக் கொடுத்தார். இந்த ஒரு வேலைக்கே அக்காவின் கட்டணம் தகும்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. "டிசம்பர் 31-க்கு முன்னால் இதில் வேலை ஆரம்பித்தாயா?" வாங்கிப் பெட்டியோடு வைத்திருந்தால் அந்த வருஷத்தில் காட்ட முடியாதாம், தொழிலுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். கார்த்திகை மாதம் கிள்ளானில் நடந்த ஒரு கல்யாணம், மார்கழி பிறப்பதற்கு முன் எடிட் முடித்துக் கொடுத்தது. அந்த ஃபைல்களின் தேதியையும் இன்வாய்ஸையும் காட்டினேன். சரி என்று குறித்துக்கொண்டார்.

4,800 வெள்ளி லேப்டாப் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். தொழில் கணக்கிலும் காட்டிவிட்டு, தனிநபருக்குக் கிடைக்கும் 2,500 வெள்ளி லைஃப்ஸ்டைல் கழிவிலும் போடலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். லைஃப்ஸ்டைல் கழிவு தொழிலுக்குப் பயன்படாத கம்ப்யூட்டருக்குத்தான். வீட்டில் வேறு யார் தொடுகிறார்கள் என்று கேட்டார். மகள் பள்ளிப் பாடத்துக்கு எடுப்பாள் என்றேன். எழுபது விழுக்காடு தொழில் என்று வைத்து, 3,360 வெள்ளிக்கு மட்டும் அலவன்ஸ் எழுதினார். குறைவாகக் கிடைத்தது, ஆனால் யார் வந்து கேட்டாலும் என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியும். ஒவ்வொன்றும் 650 வெள்ளிக்கு வாங்கிய மூன்று ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இந்த இழுவை இல்லை. 2,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு சொத்துகளை அதே வருஷத்தில் முழுதாகக் கழிக்கலாம்.

எடிட்டர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. புது மாடல் வந்ததும் பழையதை விற்றுவிடுவது நம் பழக்கம். வாங்கி இரண்டு வருஷத்துக்குள் விற்றால் கொடுத்த அலவன்ஸைத் திரும்பப் பிடிக்க இடமிருக்கிறது என்று அக்கா எச்சரித்தார். என் கிராபிக்ஸ் கார்டை விற்கும் யோசனையை அதோடு விட்டேன்.

குறைகளும் சொல்ல வேண்டும். 650 வெள்ளி கட்டணம் எங்கள் மாதிரி சின்னத் தொழிலுக்கு லேசானதில்லை. மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் சிரமப்படுவார்கள். தொழில் செய்பவர்களுக்கான வருமான வரிப் படிவமான பி பாரம் அனுப்பக் கடைசி நாள் ஜூன் 30, இ-ஃபைலிங்குக்கு ஜூலை 15 வரை விடுகிறார்கள் என்பதால் ஜூன் பிறந்தால் அவர் வாட்ஸ்அப்புக்குப் பதில் வர மூன்று நாள் ஆகும். மார்ச்சிலேயே போய்விடுங்கள். காரை விட்டுவிட்டு கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடப்பது நல்லது.

வேறு யாரிடம் போனாலும், அவர் அங்கீகாரம் பெற்ற வரி முகவரா என்று எல்எச்டிஎன் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். நான் பழைய ஆளிடம் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு கலர் மானிட்டர் வாங்கப் போகிறேன். இன்வாய்ஸில் என்னென்ன எழுத வேண்டும் என்று கடைக்காரருக்கு இப்போதே மெசேஜ் போட்டுவிட்டேன்.