பெரிய புரோமிலியாட் வாங்குமுன் நடுக்குருத்தைப் பாருங்கள்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அந்தப் பெரிய செடியைப் பார்த்துவிட்டு, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் தெரிந்தவர்கள் எல்லாரும் "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்கிறார்கள். கடையைச் சொல்ல மாட்டேன். என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். இன்னொருவர் ஏமாறக் கூடாது.

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றிய மறு வாரம், டர்பனுக்கு வெளியே இருக்கும் ஒரு நர்சரிக்குப் போனேன். பேரனும் கூட வந்தான், ஏழு வயது. அவனோடு சேர்ந்து வளர ஒரு செடி வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அங்கே இம்பீரியல் புரோமிலியாட் என்ற அன்னாசிக் குடும்பத்துச் செடி ஒன்று, என் இரண்டு கையையும் விரித்தால்கூட அடங்காத அகலத்தில் நின்றது. அடி இலைகள் சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். வெயிலில் மின்னியது.

"ஆன்ட்டி, இது சின்ன வயசுச் செடிதான், மூணு வருஷம்கூட ஆகலை. உங்க பேரன் மெட்ரிக் எழுதும்போது பூக்கும். அதுக்குள்ள சுத்தி பத்து குட்டி போட்டுடும்" என்றார் நர்சரிக்காரர். 2,800 ரேண்ட் கொடுத்தேன். பக்கி என்கிற பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

புரட்டாசி விரதம் தொடங்கிய வாரம், இலைகளுக்கு நடுவில் தேங்கும் தண்ணீரை மாற்றப் போனபோது பார்க்கிறேன், நடுவிலிருந்து தடித்த தண்டு ஒன்று கிளம்பியிருந்தது. அப்புறம்தான் விசாரித்துப் படித்தேன்.

இது பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ மலைப்பக்கத்துப் பாறைகளில் வளரும் செடி. அல்கன்டாரியா இம்பீரியாலிஸ் என்று பெயர். பழைய அட்டைகளில் விரீசியா என்றும் எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றுதான். தோட்டக்கலைஞர் பர்லே மார்க்ஸ் தம் தோட்டங்களில் வைத்துத்தான் இது இவ்வளவு பிரபலமானது. விதையிலிருந்து பூக்கப் பத்து வருடமோ அதற்கு மேலுமோ ஆகும். பூத்தண்டு ஆளுயரத்தைத் தாண்டி மூன்று மீட்டர் வரை போகும். வாழை மாதிரி வாழ்நாளில் ஒரே தடவைதான் பூக்கும், அதோடு அந்தச் செடி மெல்லக் காய்ந்துவிடும். ஆனால் வாழையடி வாழை என்று இதை நம்பி இருக்க முடியாது. அடியில் புல் மாதிரி மெல்லிய குட்டிகள் வருவது பெரும்பாலும் இளம் வயதில்தான். பெரிதான பிறகு அதிகம் எதிர்பார்க்க முடியாது.

அன்று மாலையே செடியின் அடிமண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். கத்தி வைத்து அறுத்த தழும்புகள், எண்ணிப் பார்த்தால் எட்டு. காய்ந்து கறுத்திருந்தன. குட்டிகளை முன்பே பிரித்து எடுத்துவிட்டு, தழும்பு தெரியாமல் மண்ணைக் குவித்திருக்கிறார்கள். குட்டியைப் பிரித்து விற்பது தப்பில்லை, எல்லா நர்சரியிலும் செய்கிறார்கள். பத்து குட்டி போடும் என்று சொல்லி விற்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படி மண்ணைக் குவிப்பது செடிக்கும் கெடுதல். தண்டடி ஈரத்தில் புதைந்தால் அழுகும். மரப்பட்டையும் ஜல்லியும் கலந்த, தண்ணீர் நிற்காத கலவையில் மேலாக உட்கார வேண்டிய செடி இது.

வாங்கிய அன்று எடுத்த போட்டோவை இப்போது பார்த்தால் எல்லாம் தெரிகிறது. நடுக்குருத்து நீளமாக மேலே எழும்ப வேண்டும். இதில் நடு இலைகள் சுற்றியிருந்த இலைகளைவிடக் குட்டையாக, குறுகலாகச் சுருங்கி இருந்தன. பூக்கப் போகிற செடிக்கு அது அடையாளம். அகலத்தைப் பார்த்தாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூன்று வயதுச் செடி அவ்வளவு பெரிதாக இருக்காது.

திரும்பப் போய்க் கேட்டேன். "செடிக்கு ரிட்டர்ன் கிடையாது ஆன்ட்டி, போர்டு இருக்கு பாருங்க" என்றார். போர்டு மாட்டினால் சட்டம் போய்விடாது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்கவும் கூடாது. ஆனால் என் கையில் இருந்த பில்லில் "செடி 1" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. அவர் வாயால் சொன்னதற்குச் சாட்சி நானும் பேரனும்தான். அதனால் செடியின் பெயர், வயது, குட்டி உண்டா இல்லையா எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பூ அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. வெளிர்மஞ்சள் நிறத்தில் மாதக்கணக்கில் பூக்கிறது. இலைத் தண்ணீரில் கொசு முட்டையிடாமல் இருக்க வாரம் ஒருமுறை குழாய் வைத்து அலசுகிறேன். செம்பு கலந்த பூஞ்சை மருந்தை மட்டும் யார் சொன்னாலும் அடிக்காதீர்கள், இந்த இனத்துக்கே அது விஷம். "இது செத்துப்போயிடுமா ஆயா?" என்று பேரன் கேட்டான். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

நான் திரும்பப் போன அன்று அதே வரிசையில் இன்னும் நான்கு செடிகள் நின்றன. நான்கிலும் நடுக்குருத்து குட்டை. அடியில் புதுமண் குவித்திருந்தது.