நகைச்சீட்டு கட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் படித்துவிட்டுப் போங்கள்

நகைக்கடையில் நாங்கள் போட்டிருந்த இரண்டு சீட்டும், என் மனைவியின் 4 பவுன் வளையலும் போய்விட்டன. 2024-ல் ஒரு திங்கட்கிழமை காலை கடையின் ஷட்டர் திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. புகார் கொடுக்க நின்ற வரிசையில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். கடன் என்றாலே பயப்படுகிற, சிக்கனமாக வாழ்ந்த மனிதர்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நான் பழைய காலத்து ஆள். கிரெடிட் கார்டு வைத்துக்கொண்டதில்லை. மகன் 40,000 ரூபாய் போனை இஎம்ஐ-யில் வாங்கிவந்தபோது இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. காசு சேர்ந்த பிறகு பொருள் வாங்குவதுதான் குடும்பத்துக்கு நல்லது என்று இன்றைக்கும் நம்புகிறேன். எங்கள் சேலத்தில் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி மேல் அப்பாவுக்குப் பெரிய மரியாதை. 1959-ல் ராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கியதிலிருந்து அப்பா அந்தப் பக்கம்தான். எனக்கும் அதே எண்ணம். அரசாங்கம் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டாம், ஒழுங்காக இருக்கிறவனை ஏமாளி ஆக்காமல் இருந்தால் போதும். 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் என் தம்பி வட்டியோடு கட்டி நகையை மீட்டிருந்தான். அவனுக்கு என்ன கிடைத்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இஎம்ஐ என்று யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் வாசலிலேயே அனுப்பியிருப்பேன். நகைக்கடையிலிருந்து வந்த பையன் சேமிக்கச் சொன்னான். "ஐயா, மாசம் 5,000 கட்டுங்க. 11 மாசம் நீங்க, 12-வது மாசம் கடை கட்டும். செய்கூலி, சேதாரம் கிடையாது." பேத்திக்கு ஒரு சங்கிலி என்று 2022-ல் சேர்ந்தோம். 55,000 கட்டி 60,000 ரூபாய்க்கு நகை எடுத்தோம். ஹால்மார்க் இருந்தது, எடை சரியாக இருந்தது, ஒரு குறையும் சொல்ல முடியாது. நம்பிக்கை அங்கேதான் விழுந்தது.

2023-ல் பவுன் 44,000 ரூபாயைச் சுற்றி இருந்தபோது இரண்டு சீட்டாகப் போட்டோம். மாதம் 10,000. சில மாதம் கழித்து அதே பையன் இன்னொரு திட்டம் கொண்டுவந்தான். பழைய தங்கத்தைக் கடையில் கொடுத்து வைத்தால், ஒரு வருடம் கழித்து அதே எடைக்குப் புது நகை, சேதாரம் இல்லாமல். என் மனைவி அன்றே கேட்டாள்: "ஏங்க, ஒரு வருசம் நம்ம வளையலை வச்சுக்கிட்டு அவங்களுக்கு என்ன லாபம்?" கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். நான் பதில் தேடாமல் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கேள்விக்கான பதில் இப்போது தெரிகிறது. நகைக்கடையில் மாதாமாதம் கட்டுவதைச் சேமிப்பு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அது அடமானம் எதுவும் இல்லாமல் நாம் கடைக்காரருக்குக் கொடுக்கிற கடன். அந்தப் பணத்தில் அவர் சரக்கு வாங்கலாம், நிலம் வாங்கலாம், பழைய சீட்டுக்காரர்களுக்கு நகை கொடுக்கலாம். சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டால், கம்பெனிச் சட்ட விதிகளின்படி அது வைப்புத்தொகை (டெபாசிட்) ஆகாது, அதற்கான கட்டுப்பாடுகளும் வராது. வங்கி மூழ்கினால்கூட 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. நகைச்சீட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

கடை திறப்பு விழாவுக்கு ஒரு சின்னத்திரை நடிகை வந்தார். சாலை அடைத்துக் கூட்டம். "இவ்வளவு பெரிய ஆளே வந்திருக்காங்க, மாமா" என்று மருமகள் சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றியது. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற பையன்களைத் திட்டுகிற நாம், நகை விளம்பரத்தில் ஒரு முகம் சிரித்தால் பையைத் திறந்துவிடுகிறோம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் நடிப்பவர்களுக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று விசாரித்துவிட்டுத்தான் அவர்கள் வாயைத் திறக்க வேண்டும். அந்தச் சட்டத்தை உண்மையாகவே பயன்படுத்தினால் நான் கைதட்டி வரவேற்பேன். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

நாங்கள் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில தவணைகளைக் கடைக்குப் போய்க் கட்டினோம். அப்புறம் பையன் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டான். ஜிபே-யில் அனுப்பிய பணமெல்லாம் கடைக் கணக்குக்குப் போகவில்லை, அவனுடைய சொந்த நம்பருக்குப் போயிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த மாதங்களுக்கு அட்டையில் அவன் போட்ட கிறுக்கல் கையெழுத்து மட்டும்தான். வளையலுக்குக் கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. கடையின் முத்திரை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, "32 கிராம்" என்று பேனாவால் எழுதியிருக்கிறது. 9 மாதம் கட்டிய 90,000 ரூபாயில் பாதிக்கும் குறைவான பணத்துக்குத்தான் என்னிடம் உருப்படியான ஆதாரம் இருக்கிறது.

வழக்கு இப்போது போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997-ல் கொண்டுவந்த தனிச் சட்டத்தின்படி, கடைக்காரரின் சொத்துகளை முடக்கி, நீதிமன்றம் மூலம் விற்று, பணம் இழந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். சொத்து எவ்வளவு தேறுகிறதோ அதைப் பொறுத்துத்தான் நம் பங்கு. முழுதாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது மாதம் 5,000 ரூபாயை வங்கியில் ஆர்டி-யாக, அதாவது மாதாமாதம் கட்டும் வைப்புக் கணக்கில், கட்டுகிறேன். வருடம் முடிந்ததும் பணத்தோடு எந்தக் கடைக்கும் போகலாம், சேதாரத்தில் பேரம் பேசலாம், பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். சீட்டு கட்டியவன் அப்படி எழுந்து வர முடியாது.

ஏற்கெனவே சீட்டில் இருக்கிறவர்கள், இந்த வாரமே கடைக்கு நேரில் போய், இதுவரை கட்டியதற்குக் கடை முத்திரையோடு ரசீது கேளுங்கள். தர இழுத்தடித்தால் அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். பழைய நகையை எந்தத் திட்டத்துக்கும் கொடுக்காதீர்கள். எங்களைப் போலவே இழந்துவிட்டு, வெளியே தெரிந்தால் அவமானம் என்று வீட்டிலேயே இருப்பவர்கள் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர். பெயர் பட்டியலில் இல்லாமல் பங்கு கேட்பது கஷ்டம். சீட்டு அட்டை, ரசீது, வங்கிக் கணக்கு நகல், ஆதார், அந்தப் பையனோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். அசலைக் கொடுத்தால் அதற்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.