திடீர் எக்ஸ்ரே ஃப்ளேர் புடிக்க எது பெஸ்ட்: மேக்ஸியா, ஸ்விஃப்டா, ஐன்ஸ்டீன் ப்ரோபா?

பெங்களூர் ஹை கிரவுண்ட்ஸ் கோளரங்கத்து வாசல்ல நம்ம தமிழ் பசங்க கூடினா கடைசில இந்த சண்டைல தான் வந்து நிக்கும். எக்ஸ்ரே ஃப்ளேர்னா வானத்துல ஒரு இடம் எக்ஸ்ரேல திடீர்னு பளிச்சுன்னு எரியறது, இந்த மூணும் அத விண்வெளில இருந்து பாக்கற கருவிங்க. ஃப்ளேரை புடிக்கறது ஒரு வேலை, அது யாருன்னு கண்டுபுடிக்கறது வேற வேலை, இத பிரிச்சு பாக்காம பேசினா விடியற வரைக்கும் பேசலாம்.

மேக்ஸி ஜப்பான்காரங்களோடது. 2009ல இருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துல உக்காந்துக்கிட்டு, நிலையம் பூமிய சுத்த சுத்த சுமார் 92 நிமிஷத்துக்கு ஒருக்கா வானத்த தடவிட்டு வருது. ஆனா ஒரு ரவுண்டுல ஒரு இடத்த ஒரு நிமிஷம் போல தான் பாக்கும், நடுவுல வந்துட்டு போன ஃப்ளேர் அதுக்கு தெரியவே தெரியாது. வாரக்கணக்கா எரியற கருந்துளை அவுட்பர்ஸ்ட்னா (பக்கத்துல இருக்கற பொருள் உள்ள விழுந்து பிரகாசமா எரியறது) கில்லி, 2018 மார்ச்ல மேக்ஸி ஜே1820+070ங்கற கருந்துளை அப்படி தான் சிக்குச்சு (அதையும் சில நாள் முன்னாடியே தரையில இருந்த டெலஸ்கோப் ஒளில பாத்துடுச்சு, அது வேற கதை).

ஸ்விஃப்ட் 2004ல போன நாசா சாட்டிலைட், என் செல்லம். அதோட பேட் (BAT) டிடெக்டர் 15ல இருந்து 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்ரேவோட ஆற்றல் அளவு) வரைக்கும் பாக்கும், எதாவது வெடிச்சா யாரையும் கேக்காம சாட்டிலைட்டே ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அந்தப் பக்கம் திரும்பி எக்ஸ்ரே டெலஸ்கோப்பால இடத்த சில ஆர்க் செகண்டுக்குள்ள (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு தான் ஒரு ஆர்க் செகண்ட்) சொல்லிடும். ஓட்டை எங்கன்னா, மென்மையான, அதாவது ஆற்றல் கம்மியான எக்ஸ்ரே மட்டும் வர்ற ஃப்ளேர் பேட் கண்ணுல படாது. 2008 ஜனவரில ஒரு சூப்பர்நோவா வெடிக்கற கணத்தையே ஸ்விஃப்ட் எக்ஸ்ரேல புடிச்சுச்சே, எஸ்என் 2008டி, அது அதே கேலக்ஸில இன்னொரு சூப்பர்நோவாவ பாத்துக்கிட்டு இருந்ததால கெடச்சது. சுத்த அதிர்ஷ்டம்!

அந்த ஓட்டைய அடைக்கத்தான் 2024 ஜனவரில சைனா ஐன்ஸ்டீன் ப்ரோப அனுப்புச்சு. சிங்கி இறால் கண்ணு மாதிரி சின்னச் சின்ன சதுரக் குழாய் வழியா எக்ஸ்ரேவ வழுக்க விட்டு குவிக்கும், 0.5ல இருந்து 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஒரே நேரத்துல 3600 சதுர டிகிரி, அதாவது வானத்துல பதினொண்ணுல ஒரு பங்குக்கு கிட்ட. கூடவே ஒரு ஃபாலோ-அப் டெலஸ்கோப்பும் இருக்கு. 2024 மார்ச் 15 ஃப்ளேர்ல காமா கதிர் வர்றதுக்கு ஆறு நிமிஷத்துக்கு முன்னாடியே இதுக்கு எக்ஸ்ரே தெரிஞ்சுடுச்சு. புதுசா ஒண்ண புடிக்கணும்னா இப்போதைக்கு என் ஓட்டு இதுக்கு தான், ஸ்விஃப்ட் ரசிகன் நானே சொல்றேன்.

ஆனா அந்த ஃப்ளேரோட ரெட்ஷிஃப்ட் (பிரபஞ்சம் விரியறதால வெளிச்சம் சிவப்பு பக்கம் நீண்ட அளவு, தூரத்த சொல்றது) 4.859, வெளிச்சம் கிளம்பி சுமார் 1250 கோடி வருஷம் ஆச்சுன்னு சொன்னது எக்ஸ்ரே இல்ல, தரையில இருந்து எடுத்த ஒளி ஸ்பெக்ட்ரம். அந்த மாதிரி வேலைக்கு நமக்கு லடாக் ஹான்லேல 2 மீட்டர் டெலஸ்கோப் இருக்கு, அத இங்க பக்கத்துல ஹொசக்கோட்டேல உக்காந்தே ஓட்டறாங்க. நம்ம கேலக்ஸிக்குள்ள இருக்கற ஆளுன்னா இன்னொரு வழியும் உண்டு, எக்ஸ்ரேல சீரா துடிப்பு தெரிஞ்சா அது கருந்துளை இல்ல, பெரும்பாலும் நியூட்ரான் நட்சத்திரம். அந்த டைமிங்குக்குன்னே 2015ல போன நம்ம இந்திய சாட்டிலைட் ஆஸ்ட்ரோசாட்ல மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) செஞ்ச லாக்ஸ்பிசிங்கற எக்ஸ்ரே டிடெக்டர் இருக்கு, இத மட்டும் அந்த சண்டைல எவனும் இழுக்கறதே இல்ல.